மாலை போட்டவருக்கு மரியாதை, டயட் இருப்பவருக்குக் கலாய்ப்பு

வடசென்னையில் ஒருவர் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கினால், அவருடைய எடை குறைகிறதோ இல்லையோ, அச்செய்தி மறுநாளே தெருமுனைத் தேநீர்க் கடைக்கு வந்து சேர்ந்துவிடும். வந்து சேர்ந்த பொழுதிலிருந்து அது நண்பர் கூட்டத்தின் கேலிக்குரிய பொதுப்பொருளாகிவிடும். இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனத் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிக் கடலோரமாக வடக்கே நீளும் இப்பகுதியில், சர்க்கரை போடாத தேநீர் கேட்பவரிடம் “இன்னா மச்சி, சுகர் வந்துச்சா?” என்ற கேள்வியும், வடை வேண்டாமென்பவரிடம் “ஹீரோவா ஆவப் போறியா?” என்ற கேள்வியும், அவரே இரண்டு நாள் கழித்துப் பரோட்டாக் கடையில் அகப்பட்டால் “டயட்டு முடிஞ்சிடுச்சா?” என்ற விசாரிப்பும் தவறாமல் எழும். சென்னைத் தமிழ் கலாய்ப்பது என்றும் ஓட்டுவது என்றும் குறிப்பிடும் இந்தப் பேச்சை, உணவுக் கட்டுப்பாட்டைக் கெடுக்கும் தீய சகவாசமாகவே உடல்நல அறிவுரைகள் பெரும்பாலும் காண்கின்றன. அது பாதி உண்மைதான். அதே நண்பர் கூட்டம் வேறொரு சூழலில் ஒருவருடைய வாய்க்கட்டுப்பாட்டுக்குக் காவலாகவும் நிற்கிறது என்பதையும், அந்தக் காவல் டயட்டுக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்து ஆராய்ந்தால்தான் மறுபாதி விளங்கும்.

கேலிக்கென்று ஒரு சமூக ஒழுங்கு உண்டு. மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரௌன் 1940ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில் ‘கேலி உறவு’ என்ற கருத்தை விளக்கினார். இருவரில் ஒருவர் மற்றவரைக் கிண்டல் செய்ய வழக்கமே அனுமதிப்பதும், சில இடங்களில் அதைக் கடமையாகவே ஆக்குவதும், கிண்டலுக்கு உள்ளானவர் கோபம் கொள்ளக் கூடாது என்று எதிர்பார்ப்பதும் அவ்வுறவின் இலக்கணம். தமிழ்க் குடும்பங்களில் இந்த உரிமை பங்காளிகளுக்கு அல்ல, மாமன் மச்சான் முறையினருக்கே உரியது. திருமண வீடுகளில் மச்சான்மார் ஒருவரையொருவர் வாரிக்கொள்வதை எவரும் குற்றமாகக் கொள்வதில்லை. வடசென்னை நண்பர்கள் இரத்த உறவோ திருமண உறவோ இல்லாத நிலையிலும் ஒருவரையொருவர் மச்சி, மச்சான், மாமு என்று விளித்துக்கொள்ளும்போது, அந்த உரிமையையும் கூடவே வாங்கிக்கொள்கிறார்கள். இத்தகைய உறவில் தட்டில் இருப்பதைப் பகிர்வதும் கேலியைப் பகிர்வதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், “எனக்கு வேணாம்” என்ற ஒரு சொல் உணவை மட்டுமன்றிக் கூட்டத்தையும் மறுப்பதுபோல் ஒலித்துவிடுகிறது. உடனே எழும் கலாய்ப்பு, விலகிப் போகிறவரைத் திரும்ப உள்ளே இழுக்கும் முயற்சியாக அமைகிறது. அந்த முயற்சியில் இருக்கும் பாசம் மெய்யானது. அதன் விலையைச் சில ஆண்டுகள் கழித்து இரத்தப் பரிசோதனைத் தாள் சொல்கிறது என்பதே சிக்கல்.

இழுக்கும் பொருள்களும் எளியவை அல்ல. பர்மாவில் 1962ஆம் ஆண்டு நே வின் தலைமையிலான இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி, வணிகத்தை நாட்டுடைமையாக்கியபின், தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் பெருந்தொகையாகக் கப்பலேறித் திரும்பினர்; அவர்களில் பலர் வியாசர்பாடி, எண்ணூர் முதலிய வடசென்னைப் பகுதிகளில் குடியமர்ந்தனர், கடற்கரை இரயில் நிலையத்தின் அருகே 1969ஆம் ஆண்டு உருவான பர்மா பஜார் அவர்களுடைய பிழைப்பிடமாயிற்று. அவர்கள் கொண்டுவந்த அத்தோ என்னும் உணவு இன்று மாலை நேரத் தள்ளுவண்டிகளின் அரசன். நிறமேற்றிய தடித்த மைதா நூடுல்ஸுடன் மெல்லியதாக அரிந்த முட்டைக்கோசு, வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த்தூள், பூண்டு பொரித்த எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ எனப்படும் மொறுமொறுப்பான வறுவலை நொறுக்கித் தூவித் தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சேர்த்த சூடான சூப்பும், வேகவைத்த முட்டையைப் பிளந்து பொரித்த வெங்காயத்தை அடைத்த முட்டை மசாலாவும் வரும். புளிப்பு, காரம், எண்ணெய், மொறுமொறுப்பு ஆகிய நான்கும் ஒரே வாயில் சேர்வதாலும், வண்டியைச் சுற்றி நின்றபடியே பேச்சுச் சுவாரசியத்தில் தின்பதாலும், எத்தனை தட்டு உள்ளே போனது என்ற கணக்கு எவருக்கும் நிற்பதில்லை.

காசிமேட்டின் கதை வேறு. ஞாயிறு காலையில் நகரமே திரண்டு வந்து வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி, கடமா, இறால் என்று பேரம் பேசி வாங்கும் மீன் உண்மையில் உணவுக் கட்டுப்பாட்டுக்கு நண்பன். புரதம் நிறைந்தது, மாவுச்சத்து அற்றது. ஆயினும் அது வீட்டுக்குள் வந்ததும் மிளகாய் மசாலா பூசி எண்ணெயில் முறுகப் பொரிக்கப்படுவதும், குழம்பாகக் கொதித்தால் அக்குழம்பின் ருசியே இரண்டாவது மூன்றாவது முறை சோற்றை வாங்க வைப்பதும் வழக்கம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய மீன்களின் விலை ஏறிவிட, நண்பர் கூட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தட்டில் பிரியாணி இன்னும் அழுத்தமாக இடம்பிடிக்கிறது.

எல்லாவற்றிலும் அடக்கமான, அதனாலேயே கவனத்துக்குத் தப்பும் பொருள் தேநீர். உணவில் தனியாகச் சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டின் வழிகாட்டலில் கூறியது. ஒரு குவளைக்கு இரண்டு கரண்டி, கரண்டிக்கு நான்கு கிராம் என்று வைத்துக்கொண்டாலும், ஷிப்டுக்கு முன்பு ஒன்று, இடைவேளைகளில் இரண்டு, வேலை முடிந்து நண்பர்களோடு ஒன்று என நான்கு தேநீர் குடிப்பவர், வேறு எந்த இனிப்பையும் தொடாமலேயே 32 கிராமைத் தொட்டுவிடுகிறார். பெஞ்சில் நடக்கும் கலாய்ப்பு வடையைச் சுற்றியே இருக்க, சர்க்கரை சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது.

கூட்டாக உண்ணும்போது மனிதர்கள் அதிகம் உண்கிறார்கள் என்பது அறிவியலும் ஒப்புக்கொண்ட செய்தி. அமெரிக்க உளவியலாளர் ஜான் டி காஸ்ட்ரோ 1980களில் மக்களிடம் உணவு நாட்குறிப்பு எழுதச் சொல்லி ஆராய்ந்தபோது, பிறருடன் உண்ட வேளைகளில் உணவின் அளவு தனியே உண்ட வேளைகளைவிடக் கணிசமாகக் கூடியிருந்தது. பின்னர் 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அதாவது முன்பு நடந்த பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோட்ட ஆய்வு, இந்த மிகையுணவு நண்பர்களோடு உண்ணும்போது தெளிவாகத் தென்படுவதையும், முன்பின் அறியாதவர்களோடு உண்ணும்போது அவ்வாறு தென்படாததையும் எடுத்துக்காட்டியது. இன்னும் புகழ்பெற்றது, கிறிஸ்டாக்கிஸ், ஃபௌலர் ஆகிய இருவரும் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு: அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் தொடங்கிய இதயநல ஆய்வின் ஆவணங்களிலிருந்து 12,067 பேரை 32 ஆண்டுகளுக்குப் பின்தொடர்ந்த அவ்விருவரும், ஒருவருடைய நண்பர் உடற்பருமன் அடைந்தால் அவரும் பருமனடையும் வாய்ப்பு 57 விழுக்காடு கூடுவதாகக் கணக்கிட்டனர். ஒத்த இயல்புடையவர்களே நண்பர்களாகிறார்கள், நண்பர்கள் ஒரே சூழலில் வாழ்கிறார்கள், எனவே நட்பின் விளைவை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியாது என்று புள்ளியியலாளர்கள் சிலர் மறுத்ததையும் சொல்லியாக வேண்டும். அந்த மறுப்பு வடசென்னைக்கு மிகவும் பொருந்துகிறது. ஏனெனில் இங்கே நண்பர்கள் ஒரே தெருவில் பிறந்து, ஒரே பள்ளியில் படித்து, ஒரே ஆலை வாசலில் நின்று, ஒரே வண்டியில் தின்றவர்கள்.

அந்த ஆலை வாசலில்தான் மாற்றத்தின் வேரும் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் மூட்டைகளும் பெட்டிகளும் மனிதத் தோளிலும் தலையிலும் ஏறி இறங்கிய காலத்தில், காலையில் கேழ்வரகுக் கூழும் கருவாடும், நண்பகலில் ஒரு மலைச் சோறும் உண்டவருடைய உடல் அவ்வளவையும் மாலைக்குள் எரித்துவிட்டது. 1983ஆம் ஆண்டு அங்கே கன்டெய்னர் முனையம் வந்ததும், தோள்கள் செய்த வேலையைப் பாரந்தூக்கிகள் எடுத்துக்கொண்டன. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாகனம், டயர், இரசாயனம் என்று வளர்ந்த ஆலைகளிலும் இயந்திரம் மனித உழைப்பைப் படிப்படியாகக் குறைத்தது. கன்டெய்னர் லாரி ஓட்டுநர் துறைமுக வாயிலுக்கான வரிசையில் பல மணிநேரம் இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கிறார். உழைப்பு இவ்வாறு இடம்பெயர்ந்த பின்னும், மூட்டை தூக்கிய தந்தையின் சாப்பாட்டு அளவும் ‘வயிறு நெறையத் துண்ணாத்தான் ஆம்பள’ என்ற எண்ணமும் மகனிடம் அப்படியே தங்கிவிட்டன. இதில் எவரையும் குறைசொல்ல இடமில்லை. உடல் செலவழிக்கும் ஆற்றல் ஒரு தலைமுறையில் மாறிவிடுகிறது, பந்தியின் பழக்கம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

இதன் விளைவுகளில் ஒன்றான நீரிழிவுக்கெனத் தனி மருத்துவம் அதற்கு முன்பே இந்த மண்ணில் பிறந்திருந்தது என்பது வடசென்னை பெருமைப்பட வேண்டிய செய்தி. மருத்துவர் எம். விஸ்வநாதன் 1948ஆம் ஆண்டு ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய பிரிவுகளில் அதுவே முதலாவது என்று கருதப்படுகிறது. 1954ஆம் ஆண்டு அவர் நிறுவிய, இன்று இராயபுரத்தில் இயங்கும் எம்.வி. நீரிழிவு மருத்துவமனை பல தலைமுறை வல்லுநர்களை உருவாக்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்து 2023ஆம் ஆண்டு வெளிவந்த பேராய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள், மேலும் 13.6 கோடிப் பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில், அதாவது இரத்தச் சர்க்கரை இயல்பைக் கடந்தும் நோயின் எல்லையைத் தொடாத நிலையில் இருக்கிறார்கள். இந்திய அளவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காடாக இருக்கும் நீரிழிவு தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு. நண்பர்களின் கேலியில் ‘குண்டு’ என்று பெயர் வாங்காதவரும் இதற்கு விலக்கல்லர் என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: எடையைக் கிலோகிராமில் கொண்டு, அதை மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் உடல் நிறை எண், உலக வழக்கில் 25க்கு மேல் போனால்தான் மிகை எடை; இந்திய உடலமைப்பில் வயிற்றுக் கொழுப்பு எளிதில் சேர்வதால், இந்திய மருத்துவர்கள் 23ஐயே எல்லையாகக் கொள்கிறார்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்பளவு வரம்பும் அவ்வாறே வகுக்கப்பட்டது. கை கால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் சற்றே முன்தள்ளியும் இருப்பவரைத் ‘தொப்பை’ என்று கிண்டல் செய்யும் நண்பர், மருத்துவ நோக்கில் ஒரு மெய்யான அறிகுறியைத்தான் சுட்டுகிறார்.

கேலி எப்போது அடங்குகிறது என்று பார்த்தால், இதே பெஞ்சின் மற்றொரு முகம் தெரியவரும். கார்த்திகையில் ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டால், நேற்றுவரை மச்சியாக இருந்தவர் அன்றே ‘சாமி’ ஆகிவிடுகிறார். விளிச்சொல் மாறியதோடு கேலி உரிமையும் ஒரு மண்டலத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அவர் முன்னால் கறி தின்னக் கூச்சப்படும் நண்பர்கள், அவருக்கென்று தனிக் குவளையில் தேநீர் வாங்கிக் கொடுத்து, மது அருந்தும் இடத்துக்கு அவர் வரத் தேவையில்லாதபடி சந்திக்கும் இடத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். ரமலான் மாதத்தில் நோன்பிருக்கும் நண்பரின் எதிரில் பகலில் தின்பண்டத்தைப் பிரிக்காத நாகரிகமும், மாலையில் பள்ளிவாசலிலிருந்து வரும் நோன்புக் கஞ்சியை எல்லா மதத்தவரும் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும், இராயபுரத்துக் கிறித்தவக் குடும்பங்கள் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் புலால் தவிர்ப்பதும், புரட்டாசி வந்தால் மீன் சந்தையின் நெரிசலே தளர்வதும் இதே வகையைச் சேர்ந்தவை. வாயைக் கட்டுவது வடசென்னைக்குத் தெரியாத கலையன்று. ஆண்டில் பல வாரங்கள் யாராவது ஒருவர் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார், சுற்றத்தார் அதற்குத் துணைநிற்கிறார்கள்.

அந்த விரதங்களுக்கு உள்ளவையும் டயட்டுக்கு இல்லாதவையும் சில உண்டு. விரதத்துக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. கழுத்தில் மாலை போன்ற கண்ணுக்குத் தெரியும் அடையாளம் உண்டு. கூடவே இருப்பவர்கள் ஒரு கூட்டமாக அதைக் கடைப்பிடிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை மீறுவது தன்னை மட்டுமன்றி வேறொருவருக்குக் கொடுத்த வாக்கையும் மீறுவதாகிறது. டயட்டோ முடிவில்லாதது, அடையாளமற்றது, தனியொருவருடையது. அதன் நோக்கம் அழகா, நோயா, ஆடம்பரமா என்பதுகூடச் சுற்றியிருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. தெரியாத இடத்தைக் கேலி நிரப்புகிறது.

வாக்குக்கும் சபலத்துக்கும் இடையே நடக்கும் போராட்டத்தைத் திருவொற்றியூர் வெகுகாலமாகவே அறியும். சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்லும் வரலாற்றில், இறைவனைத் தோழனாகக் கொண்டதால் தம்பிரான் தோழர் என்று பெயர்பெற்ற சுந்தரர், சங்கிலியாரை மணக்கும்பொருட்டு ‘உன்னைப் பிரியேன்’ என்று சூளுரைக்க வேண்டியிருந்தது. கருவறையில் செய்யும் சபதம் தம்மைக் கட்டாதிருக்க, இறைவனைச் சிறிது நேரம் மகிழமரத்தடிக்குப் போயிருக்கும்படி அவர் வேண்டிக்கொள்ள, இறைவனோ சபதத்தை அந்த மகிழடியிலேயே வாங்கும்படி சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டான். வேறு வழியின்றி அங்கேயே சபதம் செய்த சுந்தரர், திருவாரூர் வசந்த விழாவின் நினைவு மேலிட்டு ஊரெல்லையைத் தாண்டியதும் பார்வையை இழந்தார் என்கிறது புராணம். தோழனுடைய தந்திரத்தை அவனைவிட நன்றாக அறிந்த தோழன் செய்த இந்தக் குறும்பை, தியாகராசர் கோயிலின் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையாக மக்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். நட்பின் உரிமையும் வாக்கின் இறுக்கமும் ஒருசேர நின்ற கதை இது.

கூட்டம் துணைநின்றால் பலன் உண்டு என்பதற்குச் சென்னையிலேயே சான்றுகள் கிடைத்திருக்கின்றன. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் பங்கேற்றனர்; உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொள்ள மட்டும் தொடர்ந்து அறிவுறுத்தப்பட்டவர்களிடம், நீரிழிவு வரும் அபாயம் மூன்றாண்டுகளில் 28.5 விழுக்காடு குறைந்தது, மாத்திரை கொடுத்தவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைந்தது. அதே வழியில் 2013ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு தொழிலாளர் வாழ்வுக்கு இன்னும் நெருக்கமானது: தொழில் நிறுவனங்களில் பணிபுரிந்த 537 ஆண்களில் ஒரு பாதியினருக்கு உணவு, நடை பற்றிய சிறு குறுஞ்செய்திகள் வாரந்தோறும் கைப்பேசிக்கு அனுப்பப்பட்டன, இரண்டாண்டு முடிவில் செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினரும் நீரிழிவுக்கு ஆளாகியிருந்தனர். 2016ஆம் ஆண்டு வெளியான இன்னொரு சென்னை ஆய்வில், 578 பேருக்கு வகுப்புகள் தனித்தனியாக அன்றிக் குழுவாகவே நடத்தப்பட, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் பின்னர் மாத்திரையும் சேர்க்கப்பட, அபாயம் 32 விழுக்காடு குறைந்தது. யாரோ அனுப்பும் குறுஞ்செய்தி இவ்வளவு செய்யுமென்றால், தினமும் மாலையில் முகம் பார்த்து “இன்னிக்கு நடந்தியா, இல்லியா?” என்று ஓட்டும் நண்பர் அதைவிடக் குறைவாகவா செய்வார்? கலாய்ப்பின் விசை அப்படியே இருக்க, அதன் திசை மட்டும் மாறினால் போதும்: வடையை மறுத்தவர் ஏளனமாகும் இடத்தில், நாலாவது தேநீருக்குச் சர்க்கரை கேட்டவர் ஏளனமாக வேண்டும்.

இங்கே ஓர் எல்லையைக் கோடிட வேண்டும். உடலின் வடிவத்தை இழிவுபடுத்தும் சொல், அதிலும் பெண்கள் மீதும் வளரும் பிள்ளைகள் மீதும் எறியப்படும் சொல், கேலி உறவின் இலக்கணத்துக்குள் வராது. திருப்பிக் கலாய்க்கும் உரிமை இல்லாத இடத்தில் அது வெறும் காயமே. பெண்களுக்கு இச்சிக்கல் வேறு வடிவிலும் வருகிறது. மீன் விற்றுத் திரும்பும் பெண்ணோ, ஏற்றுமதி ஆலையில் தையல் வேலை முடித்துத் திரும்பும் பெண்ணோ, எல்லாரும் உண்டபின் சட்டியில் மீந்ததை வீணாக்க மனமின்றி உண்ணும் அளவு எந்த உணவுப் பட்டியலிலும் ஏறுவதில்லை. ஆண்களுக்குத் தேநீர்க் கடை பெஞ்சு இருப்பதுபோல் மாலையில் கூடிப் பேசும் இடமும் நேரமும் அவர்களில் பலருக்கு இல்லை. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வரிசையும் பேருந்து நிறுத்தமும்தான் அவர்களுடைய பெஞ்சு. “அக்கா, நீ சாப்ட்டியா, மிச்சத்த சாப்ட்டியா?” என்று அங்கே ஒரு தோழி கேட்கும் கேள்வி, எந்த மருத்துவக் கையேட்டையும்விடத் துல்லியமானது.

அறிவுரைகளில் அடிக்கடி வரும் ‘தினமும் நடங்கள்’ என்பதற்கும் இப்பகுதியில் தடைகள் உண்டு. எண்ணூர் விரைவுச்சாலை கடலை ஒட்டி ஓடினாலும், கன்டெய்னர் லாரிகளின் நெரிசலும் புழுதியும் அங்கே நடப்பவரைத் துரத்துகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதும், அதே மாதம் 26ஆம் தேதி இரவு அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் வீடுகளைவிட்டு ஓடியதும், நல்ல காற்றில் உலவுவதைத் தனிமனித மனவுறுதியின் பிரச்சினையாக மட்டும் பேசுவது எவ்வளவு அநீதி என்பதைக் காட்டின.

மாற்றத்துக்கு எளிதில் இடம்கொடுக்கக்கூடிய ஓர் இடமாக ஆலை உணவகம் தோன்றுகிறது. 250 தொழிலாளர்களுக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் உணவகம் அமைக்கச் செய்ய 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மாநில அரசுகளுக்கு அதிகாரம் தந்ததோடு, அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர்களும் இடம்பெற வழிவகுத்தது. அப்படிப்பட்ட குழு நினைத்தால், இரவு ஷிப்டின் பரோட்டாவுக்குப் பக்கத்திலேயே கேழ்வரகுக் கூழையும் சுண்டலையும் வைக்கலாம், பொரித்த மீனின் நாள்களைக் குறைத்துக் குழம்பு மீனைக் கூட்டலாம், தேநீரைச் சர்க்கரையின்றி ஊற்றிச் சர்க்கரைக் கிண்ணத்தை மேசையில் தனியே வைக்கலாம். எல்லாருக்கும் ஒரே தேநீர் என்றாகிவிட்டால், கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டுகிறவரைத்தான் அந்த மேசை ஓட்டும்.